அப்பா விட்டுக்கொடுத்த இடம்

12.3.1994

அடக்கம் நடந்த அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

நேற்று அவிநாசியில், ராஜா சாகும் காட்சியில் நடித்தபோது எங்கள் தெருவில் தனியாகக் குடியிருந்த நாடக நடிகர் ஐயா மேடையிலேயே நிஜமாக இறந்துபோனார். சனங்கள் அது தெரியாமல் கைதட்டினார்களாம்.

அவ்வளவு புகழ் பெற்றவருக்குச் சொந்தமென்று யாருமில்லை. எங்கள் துடியலூர்க் கல்லறைத் தோட்டத்தில் புதிய குழிக்கும் இடமில்லை. அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த இடத்தை அப்பா கொடுத்துவிட்டார்.

"பெரிய வள்ளல்! நாளைக்கு நீ எங்கடா படுப்பே?" என்றாள் அத்தை.

"நான் வாரதுக்கு நாளாகுமுங்க அக்கா. அவருக்கு இன்னிக்கே வேணுமில்லீங்க? நம்ம புள்ளையைக் காலேசுல சேத்தச் சொல்லி வாசல்ல வந்து நின்னவருங்க."

ஐயா, மண் போடும்போது நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். இன்னும் ஒன்று. நான் பி.ஏ. தேறியதைப் பக்கத்திலிருக்கும் அம்மாவிடம் சொல்வீர்களா?