சுமையோடு நிற்கிறவன்

ஜூலை 7, திங்கள்

தொரை, கச்சான் காற்று இன்றைக்கும் விடவில்லை. வாசல் பெருக்கி நிமிர்வதற்குள் மறுபடியும் மண். உப்பளத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை, தூள் பறக்கிறது. பதினொரு மணிக்கே வேலை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

இது உம்முடைய டிரிப் நோட்டு. பின்பக்கம் நிறைய வெறுந்தாள் கிடக்கிறது. ஐந்தாவது படிப்பு, எழுத்து கோணல்தான். யார் பார்க்கப் போகிறார்கள்.

அந்தோணி போன் போட்டான். உம்மோடு துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவன், உம்மோடு கூட்டுச் சேர்ந்து, டிவியில் மாட்டி விளையாடுகிற அந்த கேம் பெட்டியை வாங்கியவன். ஒரு மாதம் அவன் வீடு, ஒரு மாதம் நம் வீடு என்று போய் வந்ததே, அதுதான் விஷயம். "மயினி, எனக்குச் சென்னைப் பக்கம் மாத்திட்டாவ. ஞாயித்துக்கெழம கெளம்புதோம். பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"வேண்டாம் தம்பி. பாதி உன்னுது. வந்து எடுத்துக்கோ. எனக்கு எதுக்கு?"

சொல்லி வைத்துவிட்டு, கொடுப்பதற்கு முன் ஓடுகிறதா என்று பார்க்கத் தூசி தட்டிப் போட்டேன்.

டிவியில் வந்து நின்றான் உம்ம ஆள், அந்தத் தாடிக்காரன். ஆற்றங்கரை. முதுகில் இன்னொரு ஆள் உயரத்துக்குப் பெட்டி பெட்டியாக அடுக்கி, மூச்சு வாங்குகிறான். தோள் வாரை இழுத்து விடுகிறான். மறுபடியும் நிற்கிறான். நீர் எங்கே நிறுத்தினீரோ அங்கேயே.

நீர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய் ஐம்பத்திரண்டு நாள். அத்தனை நாளும் இவன் சுமையோடு நிற்கிறான்.

அளத்தில் எங்களுக்கு அது ஆகாது. நடந்தால் சுமை தெரியாது. நின்றால் கழுத்து இறங்கிவிடும். தலையில் சுமை இருக்கும்போது நிறுத்தி வைத்துப் பேசினால் கங்காணியையே திட்டுவோம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இவன் சுமையை இறக்கியாக வேண்டும். பெட்டி போனால் போகட்டும். சுமை போய்ச் சேரட்டும்.

வாங்க வேண்டியது: அரிசி, தீப்பெட்டி, ரப்பர் பூட்ஸுக்குப் பசை.

ஜூலை 8, செவ்வாய்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். ரிமோட்டில் கற்றுக்கொண்டது:

இடது குச்சி, நடை.
வலது குச்சி, கழுத்து திரும்பும்.
விரலுக்கு அடியில் இரண்டு பொத்தான், சுமை சாய்ந்தால் பிடிக்க. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.
வட்டம் போட்ட பொத்தான், தொடவே கூடாது. சுமையைத் தூக்கி எறிகிறான் பாவி.

"அது ரிமோட் இல்ல ளா, கன்ட்ரோலர்" என்பீர். எனக்கு ரிமோட்தான்.

ஆற்றில் இறக்கினேன். நாலு எட்டு ஒழுங்காக வைத்தான். நடு ஆற்றில் கால் வழுக்கி, சுமை வலப்பக்கம் சாய, நான் பதறி இரண்டு பொத்தானையும் அமுக்க, மல்லாக்க விழுந்தான். பெட்டி எல்லாம் தண்ணீரில். ஓடி ஓடிப் பொறுக்கினேன். நீளப் பெட்டி ஒன்று பாறையில் அடிபட்டது, அதன் மேல் ஒரு கோடு சிவப்பாகி முக்கால்வாசி தேய்ந்தது. அந்தோணிக்குப் போன்.

"மயினி, நீங்களா வெளாடுதீங்க?"

"ஆமா. சிரிக்காத."

சிரிக்கவில்லை அவன். அப்புறம் சொன்னான்: "அந்த நீளப் பெட்டிதான் முக்கியம் மயினி. ஆத்தைத் தாண்டி, மலை ஏறி, உச்சியில இருக்க லைட் ஹவுஸ்ல குடுக்கணும். இன்னும் ஒரு அடி தாங்கும். அதுக்கு மேல ஒடஞ்சிரும்."

"ஒடஞ்சா பழையபடி எடுக்க முடியாதா?"

"முடியாது. அந்த கேம் அப்பிடி. விழுந்தா விழுந்ததுதான். அண்ணனே அந்த ஆத்துல எத்தன தடவ விழுந்தாரு, தெரியுமா?"

தெரியும். நீர் 'ச்சை' என்று நாக்கைச் சொடுக்குவது அடுப்படி வரை கேட்கும். நானும் விடமாட்டேன். "நாள் பூரா லோடு அடிச்சது பத்தாதுன்னு இங்கன உக்காந்து வேற லோடா?" என்பேன். ஒரு நாள் அதைவிட மோசமாக ஒன்று சொன்னேன். இன்றைக்கு அதை எழுத முடியவில்லை.

ஜூலை 9, புதன்

ஜெயக்கொடி வந்தாள். அளத்தில் என் ஜோடி, அவள் உப்பை வாரினால் நான் சுமப்பேன், நான் வாரினால் அவள். (இனி ஜெ. என்றே எழுதுவேன். பேர் நீளம்.)

"ஏளா பேச்சி, என்னளா பொம்மைப் படம் போட்டு உக்காந்திருக்க?"

"சுமை தூக்குதேன்."

"காலையில தூக்குனது பத்தலையா ஒனக்கு?"

என்னிடமே திரும்பி வந்தது பாரும்.

டிவியில், வெறுங்காற்றில் ஒரு நரைத்த தலைக்காரி தோன்றி இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். தாடிக்காரன் கைகட்டிக் கேட்கிறான். ஜெ. பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இது யாரு, அவன் அம்மையா?"

"கங்காணின்னு நெனைக்கேன்."

"போளா. மாமியாருளா இது. பாரு, வாய்தான் அசையுது. ஒரு சாமானத் தொடுதாளா?"

சரி, மாமியார் என்று முடிவாயிற்று. கடல் ஏறி ஊர் எல்லாம் தனித்தனியாகிவிட்டது, பாதை இல்லை, இவன் ஒருத்தன்தான் ஊர் ஊராகச் சாமான் கொண்டு போகிறான். படம் பார்த்தே இவ்வளவு கதை பிடித்தோம். தப்பாகவும் இருக்கலாம்.

ஜெ. சுமையை உற்றுப் பார்த்தாள். "எந்த மடையன் ஏத்துனது இத? லேசா உள்ளது அடியில, கனமா உள்ளது மேல. ஒரு காத்தடிச்சாக் கவுந்திரும்லா."

"எங்க வீட்டுக்காரரு."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. நீர் போனபிறகு இந்த வீட்டில் முதல் சிரிப்பு. உம்மை வைத்துத்தான்.

அவள் போன பிறகு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தேன். புரிந்தது. லாரிக்காரன் புத்தி. காலி வண்டி ஓடக் கூடாது. வழியில் கிடந்தது, எவனோ போட்டுவிட்டுப் போனது எல்லாவற்றையும் பொறுக்கி ஏற்றியிருக்கிறீர். எப்படியும் அந்தப் பக்கம்தானே போகிறோம் என்று. அதுதான் ஆறு உம்மைத் தள்ளியது.

நேற்று எழுத முடியாததை எழுதிவிடுகிறேன். "பிள்ள இல்லாத வீட்டுல வெளாட்டுச் சாமான் எதுக்கு?" என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் குறைத்தீர். அன்றிலிருந்து சத்தத்தைக் குறைத்து வைத்தே விளையாடினீர்.

ஜூலை 10, வியாழன்

தாண்டிவிட்டேன்!!

முதலிலிருந்து எழுதுகிறேன், கை ஓடவில்லை.

முதலில் இறக்கினேன். ஆற்றங்கரை மணலில் ஒவ்வொன்றாக:

ஏணி 2
கயிற்றுக் கட்டு
கிழிந்த பூட்ஸ் ஒரு ஜோடி (இதை ஏன் சுமந்தீர்?)
இரும்புப் பெட்டி 4, யாருடையதோ
மருந்துப் பெட்டி
என்னவென்றே தெரியாத உருண்டை ஒன்று

நீர் ஏற்றியதை நான் இறக்குவது மனதுக்கு என்னவோ போல இருந்தது. வரிசையாக அடுக்கி வைத்தேன், எறியவில்லை. கடைசியில் முதுகில் நீளப் பெட்டி மட்டும். தாடிக்காரன் நிமிர்ந்தான். அவனுக்குக் கழுத்து இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் அள நடை. ஈர வரப்பில் எப்படி நடப்போமோ அப்படி. காலைப் பார்க்கக் கூடாது, பத்தடி முன்னால் பார்க்க வேண்டும். எட்டைச் சின்னதாக்க வேண்டும். சுமை சாய்ந்தால் எதிர்த்து இழுக்கக் கூடாது, அது போகிற பக்கமே அரை எட்டு கூடப் போய் அடியில் நுழைந்துகொள்ள வேண்டும். முந்தாநாள் நான் இழுத்தேன். நீரும் இழுத்திருப்பீர். ஸ்டியரிங் பிடித்த கை இழுக்கத்தானே செய்யும்.

நடு ஆற்றில் நெஞ்சளவு தண்ணீர். சாய்ந்தது. கூடவே போனேன். மறுபடி சாய்ந்தது. போனேன். கால் தரை தொட்டது.

கரையில் ஏறியதும் நான் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. டிவி சத்தத்தை முழுசாக வைத்தேன். தண்ணீர் சத்தம், காற்று, அவன் மூச்சு எல்லாம் வீடு நிறையக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லக்கா, ஆத்தைத் தாண்டிட்டேன்" என்றேன். உள்ளே போய்விட்டாள். நாளைக்குத் தெருவில் பேச்சாகும். ஆகட்டும்.

திரும்பிப் போய் இரண்டாவது நடையில் ஏணியும் கயிறும் கொண்டுவந்தேன். மலைக்கு வேண்டும். ஒரு சுமையை இரண்டு நடையாக்கினால் குறைச்சல் ஒன்றும் இல்லை, தொரை.

ஜூலை 11, வெள்ளி

மத்தியானம் முழுக்க கரண்ட் இல்லை. ஒரு நாள் போச்சு. மீதி ஒரே நாள், நாளை.

அளத்தில் ஜெ. கிண்டல். சுமையோடு வரப்பில் போகும்போது பின்னாலிருந்து, "எந்தப் பொத்தான அமுக்குதளா இப்ப?" சுற்றி எல்லாரும் கேட்டுச் சிரிப்பு. நானும் சொன்னேன், "வட்டப் பொத்தான அமுக்கி ஒந்தலையிலயே போட்டுருவேன்." யாருக்கும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்கள்.

கரண்ட் இல்லாததால் பைபாஸ் லாரி சத்தம் வீட்டுக்குள் வருகிறது. நீர் போன அன்றைக்குத் துறைமுக வாசலில் வரிசை நகர்ந்ததாம். உம்ம வண்டி நகரவில்லையாம். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்களாம். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும். இப்போதும் யார் ஹாரன் அடித்தாலும் மனதுக்குள் 'கொஞ்சம் பொறுங்கய்யா' என்றுதான் சொல்கிறேன்.

சாளை மீன் மலிவு. ஒருத்திக்கு எவ்வளவு வாங்குவது என்று இன்னும் கணக்கு வரவில்லை. பாதியை ஜெ. வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஜூலை 12, சனி

கரண்ட் இருக்கிறது. காற்றும் இருக்கிறது, வெளியிலும் டிவியிலும். ஜெ. முறுக்குப் பொட்டலத்தோடு வந்துவிட்டாள். சினிமாவுக்கு வந்த மாதிரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஏணி போட்டுப் பாறை ஏறினேன். இரண்டாவது ஏணி நீளம் பத்தவில்லை, கயிறு கட்டி ஏறினேன். மேலே ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் பள்ளம். பாதி தூரத்தில் காற்று அவனைப் பக்கவாட்டில் தள்ளியது. பாறையில் உரசினான். சிவப்புக் கோடு நூல் மாதிரி ஆகிவிட்டது. இனி ஒரு தட்டு தட்டினால் போச்சு.

எனக்குக் கை வேர்த்து வழுக்குகிறது. முந்தானையில் துடைத்துக்கொண்டேன். ஜெ. முறுக்கை வைத்துவிட்டாள்.

அடுத்த காற்று வருகிறது, புல் சாய்வது தெரிகிறது.

"ஒக்காரச் சொல்லுளா அவன! ஒக்காரு!"

ஆமாம். அளத்தில் சுழற்காற்று வந்தால் நிற்க மாட்டோம், சுமையோடு அப்படியே குந்திவிடுவோம். குந்த ஒரு பொத்தான் இருந்தது, செவ்வாயன்றே தெரியாமல் அமுக்கி அலுத்துக்கொண்டேன். அமுக்கினேன். குந்தினான். காற்று மேலே போயிற்று. எழுந்தான். இருபது எட்டு. மறுபடி காற்று. குந்தல். எழுந்தான். இப்படியே. ஜெ. ஒவ்வொரு காற்றுக்கும் "ஒக்காரு... ம், எந்திரி" என்கிறாள். அவள் சொல்வதற்கு முன்பே குந்த வைத்தேன், ஆனாலும் சொன்னாள்.

உச்சி. வெள்ளைக் கோபுரம். கதவு திறந்தது. உள்ளே வற்றிப்போன ஒரு கிழவன். பெட்டியை முதுகிலிருந்து இறக்கினான் உம்ம ஆள். கிழவன் திறந்தான்.

கண்ணாடி. அண்டா அகலத்துக்கு ஒரு விளக்குக் கண்ணாடி. ஒரு கீறல் இல்லை.

கிழவன் அதைக் கொண்டுபோய் மேலே வைத்தான். வெளிச்சம் ஒரு சுற்று சுற்றியது. கடல் தெரிந்தது, மலை தெரிந்தது, தூரத்தில் சின்னச் சின்ன ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு விளக்கு பதிலுக்கு எரிந்தது. மாமியார்க்காரி தோன்றினாள். பேசவில்லை. அழுதாள்.

"பாத்தியா, நல்ல பொம்பளதான்" என்றாள் ஜெ. அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

தாடிக்காரன் பின்கழுத்தைத் தேய்த்தான். சுவரோரம் போய்ச் சரிந்து உட்கார்ந்து காலை நீட்டினான்.

இறக்கிவிட்டேன். நான். பேச்சியம்மாள். ஜெ. என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஏளா, நீ கனம்ளா!"

இரண்டு பேரும் காபி குடித்தோம். எனக்குச் சீனி தூக்கலாகப் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

அந்தோணி வந்தான். சாமான் எல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்றாம், காத்துக்கொண்டிருக்கிறார்களாம், வாசலிலேயே நிற்கிறான். "உள்ள வந்து ஒரு நிமிசம் பாத்துட்டுப் போ" என்று இழுத்து வந்து டிவியைப் போட்டேன்.

கோபுரத்தில் வெளிச்சம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தோணி வாயைத் திறந்தபடி நின்றான்.

"எப்பிடி மயினி? நானே பாதியில விட்டதுலா இது! இத வெளாடுன எங்க டிரைவருக ஒருத்தனும் தாண்டல."

"அளத்துக்காரிகிட்ட கேக்குத பாரு கேள்வி."

கீழே இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. என்ன என்று கேட்டேன். "கொண்டு சேத்தவரு, முருகேசன்னு போட்டிருக்கு மயினி. அண்ணன் பேரு." எனக்குத்தான் நீர் தொரை.

"சரிதான். அதுக்குக் கீழ எம்பேரு போட முடியுமா பாரு."

முடியாதாம். தன் போனில் படம் பிடித்து, அதன் மேல் தமிழில் என் பேரை அடித்து எனக்கு அனுப்பினான். முருகேசன், பேச்சியம்மாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு நம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தது இதில்தான்.

டிவியை நிறுத்தி, பெட்டியைத் துண்டில் பொதிந்தேன். பூராவும் அவனே எடுத்துப் போகட்டும், எனக்கு மனக்குறை இல்லை. வயரைச் சுருட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்:

"ஆத்துல விழும்போதெல்லாம் அண்ணன் எனக்குப் போன் போடுவாரு மயினி. 'ஏலே, இத உன் மயினி கையில குடுத்தா ஒரே நடையில கரை ஏத்திருவாலே'ம்பாரு."

அடுப்படியில்தானே நின்றேன், பத்தடி தூரத்தில். அவனிடம் சொன்னதை என்னிடம் ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை?