கடுகின் பெட்டியை அறுக்க அனுமதி வேண்டி

அனுப்புநர்:
குறுமான் பிரிவுப் பராமரிப்பாளர் (பெண்),
நகர உயிரியல் பூங்கா,
பின்வாசல் பணியாளர் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
உயிரியல் பூங்காக்கள் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: வரும் சனிக்கிழமை வெளியூர்ப் பூங்காவுக்கு அனுப்பப்படவுள்ள ஆண் குறுமானின் பயணப் பெட்டி அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பது – பெட்டியைச் சிறிதாக்கும் வரை பயணத்தை நிறுத்தி வைக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கண்காணிப்பாளரைத் தாண்டித் தங்களுக்கு எழுதுவது முறையல்ல என்று எனக்குத் தெரியும். இதற்காக என்னை நாளைக்கே பாம்புப் பிரிவுக்கு மாற்றலாம், நுழைவுச்சீட்டு கிழிக்க வாசலில் உட்கார வைக்கலாம். அந்தப் பயம் இருக்கத்தான் செய்கிறது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டதால் எழுதுகிறேன். அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. குறுமான் முழுதாக வளர்ந்தாலும் என் முழங்காலுக்கு எட்டாது. பார்வையாளர்கள் முயல் என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்கள். ஒரு காலத்தில் எல்லாப் பூங்காக்களிலும் கூட்டமாக இருந்த இனம், இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்களிடம் இருக்கும் ஒரே ஆணுக்குக் கடுகு என்று பெயர். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்களே, அதனால் வைத்த பெயர். அவனோடு இங்கே இருப்பவை அவனுடைய தாயும் கூடப் பிறந்தவளும் மட்டுமே. வெளியூர்ப் பூங்காவில் இரண்டு பெண் குறுமான்கள் ஆண் துணையில்லாமல் இருக்கின்றன. இவன் அங்கே போனால்தான் குட்டி பிறக்கும், இனம் நிலைக்கும். ஆகவே இவனை அனுப்புவதற்கு நான் எதிரி அல்ல. பெண் பார்த்தாகிவிட்டது, மாப்பிள்ளை உயிரோடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

2. ஐயா, இந்த இனம் சாவதற்கு நோய் தேவையில்லை, பயம் போதும். அதனால் எங்கள் கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே நுழையும் முன் வாசலில் நின்று மெதுவாகத் தொண்டையைக் கனைக்க வேண்டும். யாரும் ஓடக் கூடாது. தும்மல் வந்தால் வெளியே போய்விட வேண்டும். தீப்பிடித்தாலும் நடந்தே வந்து சொல் என்று எங்கள் கால்நடை மருத்துவரம்மா சொல்லுவார். எனக்கு இது ஊறிப்போய், வீட்டில் பாத்திரத்து மூடியைக்கூட ஓசைப்படாமல்தான் வைப்பேன். "வீட்டுலயும் மான் வளக்கிறியா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

3. கடுகின் தகப்பனையும் அதே வெளியூர்ப் பூங்காவுக்கு இதே காரியத்துக்காகத்தான் அனுப்பினோம். குறுமானுக்கென்று தனிப் பெட்டி இல்லாததால் புள்ளிமான் பெட்டியில் ஏற்றினார்கள். துணைக்கு நான் லாரியில் முன்னால் உட்கார்ந்து போனேன். கிளம்பியதிலிருந்து பின்னால் தட், தட் என்று சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது. "தூங்கிட்டான் போல" என்றார் ஓட்டுநர். நானும் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். போய்த் திறந்து பார்த்தபோது கழுத்து ஒடிந்து கிடந்தான். பெட்டியின் கூரைப் பலகையில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன. துள்ளுவதற்கு இடம் இருந்ததால் துள்ளித் துள்ளி முட்டியே செத்திருக்கிறான். கோப்பில் 'பயண அதிர்ச்சி' என்று எழுதி முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் வெளியே எங்காவது சுத்தியல் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறேன். அது நின்றுவிட்டால் எழுந்து போய் என்னவென்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

4. இப்போது கடுகுக்குச் செய்திருக்கும் பெட்டி அதைவிடப் பெரிது. நான் உள்ளே சம்மணம் போட்டு உட்காரலாம். வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போக இரண்டு பக்கமும் கம்பி வலை ஜன்னல், கீழே பஞ்சு மெத்தை, உயரமான கூரை. பார்த்தவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்கிறார்கள். கண்காணிப்பாளர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மருத்துவரம்மா மட்டும் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். திரும்ப முடியாத அகலமும், துள்ள முடியாத உயரமும், இருட்டும்தான் இவனுக்குப் பாதுகாப்பு என்று அவர் கண்காணிப்பாளரிடம் எடுத்துச் சொன்னார். "நல்ல காரியம் நடக்கிறப்ப அபசகுனமா பேசாதீங்க டாக்டர்" என்று பதில் வந்தது. சரியான அளவுகளை மருத்துவரம்மா தம் கையால் எழுதித் தந்திருக்கிறார், இத்துடன் இணைத்துள்ளேன்.

5. சனிக்கிழமை காலை வாசலில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பேண்டு வாத்தியம் முழங்கக் கடுகை வழியனுப்பப் போகிறார்களாம். அதற்கு முன் வலை வீசிப் பிடிப்பார்களாம். வலை, வாத்தியம், ஜன்னல் பெட்டி. இதில் ஒன்றே போதும் ஐயா, அவன் சாக.

6. அந்தப் பெட்டியைச் செய்தவர் பூங்காவின் தச்சர். அவர் என் கணவர்.

அவர் மேல் நடவடிக்கை எடுக்கக் கோரி நான் எழுதவில்லை. தகப்பன் மான் செத்த பிறகு, பாவம் இருட்டுக்குள் அடைபட்டே போய்விட்டானே என்று வீட்டில் அழுது புலம்பியிருக்கிறேன். மனுஷன் அதை மனசில் வைத்துக்கொண்டு, மகனாவது காற்றும் வெளிச்சமுமாக ராஜா மாதிரி போகட்டும் என்று, எனக்கே சொல்லாமல் வேலை நேரம் போக உட்கார்ந்து இழைத்திருக்கிறார். துணியை விலக்கிப் பெட்டியைக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

7. இவ்வளவும் எழுதிய பிறகு அவருக்குத் தெரியாமல் அனுப்ப மனம் ஒப்பவில்லை. இன்று மதியம் பட்டறையில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். முதலில் கோபம் வந்தது. "ஊரே மெச்சுது, உனக்கு மட்டும்தான் கண்ணை உறுத்துது" என்றார். மூன்றாவது பத்தியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அந்தச் சத்தத்தைப் பற்றி நான் அவரிடம் இதுவரை வாய் திறந்ததில்லை. எவ்வளவு தூரம் கேட்டுக்கொண்டு வந்தது என்று கேட்டார். பாதி வழி வரைக்கும் என்றேன். அவர் எழுந்தார். டேப்பை எடுத்து மருத்துவரம்மாவின் அளவுப்படி பெட்டியில் பென்சிலால் கோடு போட்டார், அறுக்க ரம்பத்தையும் எடுத்துவிட்டார்.

ஆனால் பெட்டியைப் பூங்காவின் பொருள் பதிவேட்டில் ஏற்றி இருப்பு எண் அடித்தாகிவிட்டது. அரசாங்கச் சொத்தை உத்தரவில்லாமல் அறுத்தால் வேலை போய்விடும் என்று சேமிப்பு அறைக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ரம்பம் இப்போது பெட்டி மேலேயே கிடக்கிறது.

8. ஆகவே, மேற்படி பெட்டியை அறுத்துச் சிறிதாக்கவும், ஜன்னல்களைப் பலகை வைத்து மூடவும், மெத்தையை எடுத்துவிட்டு வைக்கோல் பரப்பவும் தாங்கள் எழுத்து மூலம் அனுமதி வழங்க வேண்டும். அந்தப் பெட்டியைக் கொட்டகைக்குள்ளேயே வைத்து, அதில் தீனி போட்டு, கடுகு தானாக உள்ளே போய்ப் படுக்கப் பழகும் வரை பயணத்தைத் தள்ளி வைக்க வேண்டும். வழியனுப்பு விழாவை அருள்கூர்ந்து ரத்து செய்ய வேண்டும். பிள்ளைகள் ஆசைப்பட்டால் யானைக்கு வாசித்துக் காட்டட்டும், அது தாங்கும். வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் உத்தரவு வராவிட்டால் சனிக்கிழமை அந்த லாரியில் முன்னால் உட்காரப் போவது நான்தான். இன்னொரு முறை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போக என்னால் முடியாது. அது நின்ற பிறகு உட்கார்ந்திருக்க அதைவிட முடியாது. ஐயா, காப்பாற்றுங்கள்.

நாள்: புதன்கிழமை
இடம்: பூங்காத் தச்சுப் பட்டறை

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
குறுமான் பிரிவுப் பராமரிப்பாளர்

(ஒப்பம்)
பெட்டி செய்த தச்சர், மேற்படியாரின் கணவர்

குறிப்பு: உத்தரவு கொண்டு வருபவர் வண்டியைப் பின்வாசலிலேயே நிறுத்திவிட்டு வரும்படி சொல்ல வேண்டுகிறோம். கொட்டகை வாசலில் ஒருமுறை கனைத்தால் நான் வந்துவிடுவேன். நல்ல செய்தியாகவே இருந்தாலும் ஓடி வர வேண்டாம், நடந்தே வரட்டும்.