ஏ பிரிவில் மட்டும் தோற்ற சோதனைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், நீ நலம் என்று போனில் சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது. நீ அனுப்பிய உன் பள்ளியின் பழைய மாணவர் மலரின் உறை ஓரத்தில் லேசாகப் பிரிந்திருந்தது, மாடி வீட்டுக்காரர் மேல் எனக்குச் சந்தேகம். கடவுளே வாசலில் வந்து நின்னாலும் நீங்க அடையாள அட்டை கேப்பீங்க என்கிறாள் உன் அம்மா. முழங்கால் வலி தேவலை என்கிறாள், படியேறும்போது பல்லைக் கடிப்பதைப் பார்த்தால் அதுவும் பொய்தான். உன் தம்பி வேலை மாறப்போகிறானாம், எங்கே என்றால் பேச்சை மாற்றுகிறான், கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

மலரில் உன் ஆசிரியர்களைப் பற்றி நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். கணக்கு டீச்சர், எனக்கும் தெரியல, நாளைக்குச் சேர்ந்து பாப்போம் என்பாராம், அது நன்றாக இருந்தது. அறிவியல் சார் வகுப்பில் சோதனைகள் சொதப்பும், ஏன் என்று தேடித்தான் எனக்குப் படிப்புப் பைத்தியம் பிடித்தது என்று நீ எழுதிய இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொதப்பியதெல்லாம் உன் ஏ பிரிவில் மட்டும்தான், அதே சோதனை பி பிரிவில் ஒழுங்காக வரும். முப்பது வருஷம் அந்தப் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்த எனக்குத் தெரியாதா. ஊதினால் பாலாகக் கலங்க வேண்டிய சுண்ணாம்பு நீரை முதல் நாளே வடிகட்டி, என் கையால் லேபிள் எழுதி ஒட்டி வைப்பேன், உன் வகுப்பில் கலங்காது. புது பேட்டரி வைப்பேன், பல்பு எரியாது. யாரோ கை வைக்கிறார்கள் என்று இரண்டாவது பூட்டுப் போட்டேன், பெருக்குகிற அம்மாவைச் சந்தேகப்பட்டேன், அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கடைசியில் கவனக்குறைவு என்று தலைமையாசிரியை எல்லார் முன்னாலும் எனக்கு மெமோ கொடுத்தார். பாவம், விட்டுடுங்க மேடம் என்றார் சார்.

படித்த கையோடு அவர் வீட்டுக்குப் போய்ச் சுற்றி வளைக்காமல் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, நான்தான் வகுப்புக்கு எடுத்துட்டுப் போறப்ப மாத்தி வச்சேன், பாட்டிலைத் திறக்கறதுக்குள்ள பால் நிறம்னு புத்தகத்தைப் பாத்துக் கத்துற வகுப்பு அது, ஒருத்தராவது பாட்டிலைப் பாக்கட்டும்னுதான், உங்க பொண்ணு கண்டுபிடிச்சதும் நிறுத்திட்டேன் என்றார். அப்ப என் மெமோ என்றேன். சொல்லியிருக்கணும், தைரியம் வரல என்றார். உனக்குப் படிப்பில் ருசி காட்டியவர் என்று கும்பிடத் தோன்றியது, சட்டையைப் பிடிக்கவும் தோன்றியது, இரண்டும் செய்யாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது என் சந்தேகம் உன் மேல். லேபிளில் இருப்பதுதான் பாட்டிலில் இருக்கிறதா என்று கேட்டாய், சார் பாட்டிலையே கொடுத்தார், வெறும் தண்ணீர் என்று கண்டுபிடித்தாய், எல்லாம் எழுதியிருக்கிறாய். யார் ஊற்றியது என்று எழுதவில்லை. பாட்டிலை நிரப்புகிறவன் உன் அப்பா என்றும் எழுதவில்லை. என்னைச் சொல்ல வெட்கமோ என்று முதலில் மனம் கசந்தது. பிறகு ஞாபகம் வந்தது, அதற்கப்புறம்தான் நீ தினமும் சாயங்காலம் ஆய்வகத்துக்கு வர ஆரம்பித்தாய், சும்மாதாம்பா என்று ஒவ்வொரு பாட்டிலாகச் சரிபார்ப்பாய், ஒரு சோதனையும் தோற்கவில்லை. பொண்ணுக்குப் படிப்பில் என்ன ஆசை என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். அப்பா தப்புப் பண்ணுகிறார், மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதானே வந்தாய். பன்னிரண்டு வயதில் அதை மனசில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாயே.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. கண் டாக்டரிடம் போக மறக்காதே, போனதற்கு அத்தாட்சியாக அவர் எழுதிய சீட்டின் நகலை அனுப்பு. பதில் வரும்வரை எனக்குத் தூக்கம் கிடையாது. அந்தத் தண்ணீரை நான் ஊற்றவில்லை அம்மாடி.

உன் அப்பா