பன்றி கடித்த பாய்

சலேய்மா கிராமம், சவாயி தீவு
ஞாயிற்றுக்கிழமை

என் மூத்த மகன் பெனியமினாவுக்கு உன் தகப்பன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் தங்கை சினாலெயும் சுகம். கிழங்குத் தோட்டம் சுகம். பன்றிகள் பதினான்கும் சுகம். அந்தக் குளிர் ஊரில் நீயும் நெஞ்சுச்சளி இல்லாமல் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நிற்க.

அண்ணா, 'நிற்க' வரைதான் அப்பாவின் கையெழுத்து, இனி வருகிற கோணல் எழுத்து உன் தங்கை சினாலெயுடையது. இரண்டு வாரமாக அப்பா இரவு ஜெபம் முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஊர்ச்சபைத் தாளை எடுத்து உனக்குக் கடிதம் எழுத உட்காருகிறார், எல்லாருக்கும் சுகம் எழுதுகிறார், பன்றிகளை எண்ணி எழுதுகிறார், 'நிற்க' என்று போடுகிறார், போட்டுவிட்டு அவரும் அங்கேயே நின்றுவிடுகிறார். இப்படி நின்றுபோன தாள்கள் பதினொன்று வேதாகமத்துக்கு அடியில் இருக்கின்றன, இது பன்னிரண்டாவது, இதைத் திருடிவிட்டேன். லோசா சித்தி செவ்வாய்க்கிழமை ஆக்லாந்துக்கு விமானம் ஏறுகிறாள், கொக்கோ டப்பாவுக்குள் வைத்து உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். கொசுவலைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். சுவரில்லாத வீட்டில் ரகசியம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அப்பாவின் குறட்டைதான் எனக்குக் காவல், அது கேட்கிறவரை பயமில்லை, கொஞ்சம் தணிந்தால் உடனே விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறவள் மாதிரிக் கிடப்பேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் உன் கார்ட்டூன் படத்தைப் பள்ளிக்கூட மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, ஊர்த்தலைவருக்குரிய நார்ச்சாமரத்தைத் தோளில் தொங்கவிட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்தார். வருகிறவர்களிடமெல்லாம் "எம் பையன் வரைஞ்சது, அத்தனையும் கையால வரைஞ்சது" என்று சொன்னார். கம்ப்யூட்டர் என்று அம்மா திருத்தப் போனாள், "அதுவும் கையாலதானேடி அமுக்கணும்" என்று அடக்கிவிட்டார். படம் தொடங்கியதும் வானத்துத் தலைவர் பறந்து வந்தார் பார், ஊரே எழுந்து நின்று கைதட்டியது. தொந்தி முதலில் திரைக்குள் வருகிறது, அவர் பின்னால் வருகிறார், சாமரத்தை ஒரு வீசு வீசினால் திருடர்கள் ஈ மாதிரி அடுத்த தீவில் போய் விழுகிறார்கள். அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் இருந்த தலைவர் துலிமாவை விலாவில் இடித்து, "யோவ் துலிமா, உன்னத்தான்யா போட்டிருக்கான்! அந்தத் தொப்பையப் பாரு, அந்த வாத்து நடையப் பாரு!" என்று மண்டபம் அதிரச் சொன்னார். துலிமா பெரியப்பா பாவம், தலையைக் குனிந்துகொண்டு "ஆமா ஆமா, நான்தான்" என்றார். அப்போது பார்த்துத் திரையில் வானத்துத் தலைவர் மூன்று தடவை இருமிவிட்டு, "நியாயம்னா அது மொதல்ல என் வீட்டு வாசல்லதான் ஆரம்பிக்கணும்" என்று சொன்னார். மண்டபத்தில் இருந்த முந்நூறு தலையும் ஒரே நேரத்தில் அப்பா பக்கம் திரும்பியது. அப்பா சிரிப்பை நிறுத்த மறந்து வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் தேவாலயம் அளவுக்கு ஒரு பன்றி வந்து நகரத்தை மிதிக்கிறது, அவிழ்த்துவிட்டது வானத்துத் தலைவரின் மகன்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அவர் ஒரு வார்த்தை விசாரிக்காமல் என் மகன் என்பதால் தண்டனை இரண்டு மடங்கு என்று தீர்ப்புச் சொல்கிறார், அப்பனும் மகனும் மேகத்துக்கு மேலே அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் சாமர நாரில் கட்டுண்டு கிடக்கும் மகன், "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நீயாடா செஞ்சன்னு கேட்டீங்களாப்பா?" என்கிறான். வானத்துத் தலைவர் மூன்று தடவை இருமி வாயைத் திறக்கிறார். படம் முடிந்துவிட்டது! விளக்கைப் போட்டுவிட்டார்கள்! அண்ணா, நீ ஊரில் இருந்திருந்தால் உன்னை அடித்திருப்பார்கள். படம் போட்டவரைச் சுற்றிக்கொண்டு மீதியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று சண்டை போட்டார்கள், அவர் இவ்வளவுதான் என்றதும் எல்லாரும் அப்பாவிடம் வந்துவிட்டார்கள். "தலைவரே, அப்புறம் என்ன சொன்னீங்க?"

அன்றிலிருந்து அப்பாவுக்கு இதே பாடுதான். பேருந்து ஓட்டுகிறவர் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, "சொல்லுங்க தலைவரே, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அப்புறம் என்ன சொன்னீங்க?" என்றார், வண்டி நிறைய ஆள் இருக்கும்போது. மாதர் சங்கத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டது, மன்னித்திருப்பார் என்று ஒரு கட்சி, இன்னும் இரண்டு மடங்கு ஏற்றியிருப்பார் என்று ஒரு கட்சி. போதகர்கூட ஆராதனை முடிந்து கை கொடுக்கும்போது கையை விடாமல், "எனக்கு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். அப்பா இப்போது பேருந்தில் ஏறுவதில்லை, தோட்டத்துக்குக் கடற்கரை வழியாக நடந்து போகிறார். உனக்குப் போன் செய்தபோது அவர் போட்ட சத்தம் அக்கம்பக்கம் எல்லாருக்கும் கேட்டது. "ஊர் முன்னால என் வாயத் தொறந்து வச்சிட்டுப் போயிட்டியேடா, இத மூடுறது யாரு?" என்றார். நீ சொன்னது அம்மாவுக்கு மட்டும் கேட்டிருக்கிறது, "நீங்கதாம்பா மூடணும். அந்த எடத்துல என்ன எழுதுறதுன்னு எனக்கே தெரியல. தெரிஞ்சா சொல்லுங்க, அதுவரைக்கும் போன் பண்ணாதீங்க" என்றாயாம். இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்று அம்மா சொல்கிறாள். குளிக்கும் தண்ணீரைச் சுட வைத்துக் குளிக்க வேண்டுமாம், ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமாம், இதெல்லாம் எழுதச் சொல்லி அவள் என்னிடம் சொல்லவில்லை, தூக்கத்தில்கூட உளறுவதால் எனக்கு மனப்பாடம்.

அண்ணா, இனிமேல்தான் நான் எழுத வந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் போதகர் வீட்டுப் பன்றியை அவிழ்த்துவிட்டது நான். அதற்கு நான் சோலோமோனா என்று பெயர் வைத்திருந்தேன், கூப்பிட்டால் வரும், மறுநாள் விருந்துக்கு வெட்டப்போகிறார்கள் என்று கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. உன் பத்தாம் நம்பர் ரக்பி சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன், எனக்கு அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பன்றி காட்டுக்கு ஓடித் தப்பித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அது நேராகப் போய், மாதர் சங்கம் இரண்டு வருடமாகப் பின்னி வெயிலில் விரித்திருந்த பெரிய தாழம்பாயின் ஓரத்தைத் தின்றது. சட்டையை யாரோ பார்த்துவிட்டார்கள். சபையில் அப்பா உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் இரண்டு மடங்கு என்றார். நீ "நான் இல்லப்பா" என்று ஒரு தடவை சொன்னாய். அப்புறம் கம்பத்துக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாய். அதற்கப்புறம் நீ வாயே திறக்கவில்லை. விடிவதற்கு முன்னால் போதகர் வாசலில் தலையில் பாயைப் போர்த்திக்கொண்டு மன்னிப்புக்கு உட்கார்ந்தாய், ஆனால் போதகர் வீட்டார் அடுத்த தீவில் ஆப்பியா பட்டணத்துக்குப் போயிருந்தார்கள், மன்னித்தோம் என்று பாயை எடுத்து உன்னை எழுப்ப ஆளே இல்லை. வேறு யாரும் எடுக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். மதியக் கப்பலில் அவர்கள் வந்து இறங்குகிறவரை நீ பாய்க்குள் வெந்துகொண்டிருந்தாய். நான் பலாமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வருடம் நீ போய்விட்டாய்.

நீ சும்மா இருந்தது என்னைப் பார்த்ததாலா என்று இத்தனை நாளும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. படத்தில் பன்றி ஓடும்போது மூலையில் ஒரு பலாமரம் வருகிறது, மரத்துக்குப் பின்னால் முழங்காலுக்குக் கீழே தொங்கும் சட்டையோடு ஒரு குட்டிப் பெண் கையில் கயிற்றோடு நிற்கிறாள், மூன்று எண்ணுவதற்குள் மறைந்துவிடுகிறாள். ஊரில் யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் பன்றியைத்தான் பார்த்தார்கள். உனக்குத் தெரியும், தெரிந்தும் மூன்று நொடிக்கு மேல் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வருகிற சனிக்கிழமை ஊர் கேட்டுக்கொண்டதால் படத்தை மறுபடி போடுகிறார்கள். அப்பா முந்தாநாள் சாப்பிடும்போது, "அந்தப் பலாமரத்தண்ட என்னமோ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அத இன்னொரு தடவ பாக்கணும்" என்றார். எனக்கு மீன் முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. தண்டனைக்குப் பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன், தலைவர் வீட்டுக்கு இரண்டு மடங்கு என்பது எனக்கும்தானே. அதைவிட, அப்பா தப்பாகத் தீர்ப்புச் சொன்னார் என்று ஊர் முன்னால் ஆகிவிட்டால் சபையில் தலைவருக்குரிய கம்பத்தில் சாய்ந்து அவர் எப்படி உட்காருவார். நான் சொல்லாமலே இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் செத்தாலும் பேச மாட்டீர்கள். நான் எப்போது சொல்லட்டும் அண்ணா, எப்படிச் சொல்லட்டும், நீயே அவரிடம் முதலில் ஒரு வார்த்தை

குறட்டை நின்றுவிட்ட

பெனியமினா, இனி மறுபடியும் உன் தகப்பன். முதலில் ஒரு திருத்தம். குறட்டை விட்டது நான் அல்ல, உன் அம்மா, அவள் புரண்டு படுத்ததால் நின்றது. நான் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை. உன் தங்கை போர்வைக்குள் தூங்குவதாக நடிக்கிறாள், கால் இரண்டும் வெளியே நடுங்கிக்கொண்டிருக்கின்றன. எழுப்பவில்லை. முழுவதையும் இரண்டு தடவை படித்தேன். எழுத்துப்பிழை அதிகம் இல்லை. சபைத் தாளைத் திருடியதற்காக ஒரு வாரம் அவளே பன்றிக்குத் தீனி வைப்பாள், பெயர் எதுவும் வைக்காமல். பன்றியை அவிழ்த்த வழக்கை நான் விசாரிக்க மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. நீ விசாரி. தீர்ப்புக்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேள்.

ஊர் இரண்டு வாரமாக என்னிடம் கேட்கிற கேள்விக்கான பதில் என் வாயில் வராமல் போனது, அந்தப் பதில் ஏழு வருடம் பிந்திவிட்டது என்பதால். நான் கேட்கவில்லை, மகனே. கேட்டிருக்க வேண்டும். உன் படத்தில் அந்த இடத்தில் இதைப் போட்டுக்கொள். நாளை மாலை சபையிலும் நானே இதைச் சொல்லிவிடுவேன், என் வீட்டு வாசலில் ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னவன் நான்தானே.

உன் பட்டமளிப்புக்கு வரும்படி அம்மா எனக்கும் சேர்த்து எடுத்து, நான் வராமல் போன விசா இன்னும் ஐந்து வாரம் செல்லும். விமானம் ஏற அடுத்த தீவுக்குப் போகிற கப்பல் எனக்கு ஒத்துக்கொள்ளாது, வாந்தி எடுப்பேன், அது என் பாடு. சித்தி இந்தக் கடிதத்தைத் தருவாள், நான் வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன். ஊரில் படம் ஓடுகிற அதே சனிக்கிழமை, விடிவதற்கு முன்னால், உன் வாசலில் பாய் போர்த்தி உட்கார்ந்திருப்பேன். புதுப்பாய் கொடுத்து ஈடு செய்தபோது பன்றி கடித்த பாய் நம் வீட்டுக்கு வந்தது, அம்மா அதை ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறாள், ஓரத்தில் பல் தடம் இருக்கிறது, அதைத்தான் கொண்டுவருகிறேன். நீ இருப்பது ஆறாவது மாடி என்கிறார்கள். கீழே தெருவில் உட்காருவதா, மேலே கதவடியில் உட்காருவதா என்று சித்தியை அம்மாவுக்குப் போனில் சொல்லச் சொல், காவல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வை, பாய்க்குள் இருப்பவன் திருடன் அல்ல என்று. பாயை எடுப்பதும் எடுக்காததும் உன் உரிமை, நான் கேட்க மாட்டேன்.

ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காப்பாராக. அடுத்த படத்தில் தொந்தியைக் கொஞ்சம் குறைத்து வரை. நீ மதியம் வரை உட்கார்ந்தாய், எனவே நானும் மதியம் வரை உட்காரக் கடமைப்பட்டவன். ஆனால் அங்கே இப்போது கடும் குளிர் என்றும், விடுமுறையில் நீ பத்து மணிக்கு முன் எழுவதில்லை என்றும் அம்மா சொல்கிறாள். அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் அலாரம் வை.

இப்படிக்கு, நிற்காமல் எழுதி முடித்த
உன் தகப்பன்
லவுவாவோ எலியா