பள்ளித் தொட்டியில் விட்ட மீன்கள்

பஸீஹாவின் வாப்பாவுக்கு,

பிள்ளைக்குத் திரும்பவும் காய்ச்சல் நடுக்கம். மலேரியாவுக்குக் கொயினா மருந்து வாங்க டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போகிறேன். நோன்புக் கஞ்சி அடுப்பில். பேரீச்சம்பழம் அலுமாரியில், சாவி சீனிப் போத்தலுக்குக் கீழே.

மஃரிபு தொழுகைக்குத் தொட்டியில் கைகால் கழுவி உளூச் செய்யும்போது விரலில் ஏதாவது கொத்தினால் கத்தி மானத்தை வாங்காதீர்கள். அது ஷைத்தான் இல்லை, மீன்குஞ்சு. மகாவலி ஆறு வற்றிய குட்டையில் பிடித்து, காவலுக்கு இருக்கும் லெப்பை தூங்கும் நேரம் பள்ளிவாசல் தொட்டியில் நான்தான் விட்டேன். காய்ச்சல் பரப்பும் நுளம்பின் புழுவையெல்லாம் தின்றுவிடும். இல்லாவிட்டால் நாளை சுகாதார இன்ஸ்பெக்டர் புழுவைக் கொல்லத் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்ற வருவார், பள்ளி டிரஸ்டியான நீங்கள் அவர் கையைப் பிடித்துத் தடுப்பீர்கள். நீங்கள் இருவரும் சண்டை பிடித்து முடிவதற்குள் பிள்ளையை இன்னும் நாலு நுளம்பு கடித்திருக்கும்.

தொட்டியில் மீன் விடலாம் என்று போன வாரம் நான் சொன்னபோது, "எங்கட பள்ளிக்கு இனி பொம்புளதான் டிரஸ்டி போல" என்று பாரூக் நானாவுக்கு முன்னால் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உங்கள் சிரிப்பை மன்னித்தாயிற்று. என்னுடையதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மீனை யார் விட்டது என்று இன்ஸ்பெக்டர் கேட்டால், நீங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

றலியா

வேண்டாம். பொய் சொன்னால் நோன்பு வீணாகும். என் பெயரையே சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக.