மூக்கு எண் 2

மார்ச் 4

வேலைதான், அதில் சந்தேகமில்லை. மூக்கை வைத்துச் செய்கிற வேலை. அடையாள அட்டையில் என் படம், கீழே ‘மூக்கு எண் 2’. பிரக்ஞை பற்றி நூறு பக்கம் ஆய்வேடு எழுதியவளுக்கு இது இறக்கமா ஏற்றமா, தெரியவில்லை. தேர்வில் எலுமிச்சை, வினிகர், சோப்பு மூன்றையும் கண்ணைக் கட்டிக்கொண்டு சரியாகச் சொன்னேன்.

விமான நிலையத்தின் ஓடுபாதை முடிகிற இடத்தில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். அதன் பாலர் வகுப்பை வேறிடத்துக்கு மாற்றுவதா என்று காற்றுத்தர அலுவலகம் முடிவு செய்யவேண்டும். முதலில் இயந்திரம் வைத்தார்கள். அது தூசியை நிறுக்கிற இயந்திரம். விமானப் புகையின் துகள் எடையே இல்லாத அளவுக்குப் பொடியாம். கோடிக்கணக்கில் இருந்தாலும் தராசு அசையாது. “நிறுக்க முடியலைன்னா மோந்து பார்க்கணும்” என்றார் அதிகாரி, வெகு இயல்பாக.

அந்த வகுப்பில்தான் அக்கா மகள் படிக்கிறாள். ஐந்து வயது. இரண்டு மாதத்தில் நான்கு தடவை மூச்சிரைப்பு. இதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 6

மைதானத்தில் மூன்று நாற்காலிகள். விமானம் ஒவ்வொன்றும் கிளம்பியபின் மூன்று நிமிடம் மூச்சை இழுத்து, நாற்றத்துக்குச் சைபரிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண். சராசரி இரண்டைத் தொட்டால் வகுப்பு மாறும்.

பதினெட்டு விமானங்கள். பதினெட்டு சைபர்.

மூக்கு எண் 1 பெயின்ட் கடைக்காரர். நாற்பது வருடம் தின்னர் டின்களுக்கு நடுவில் உட்கார்ந்தவர். “அருமையான காத்தும்மா. எங்க கடைக்கு இது எவ்வளவோ மேல்.” மூக்கு எண் 3 தூங்கிவிட்டார். தூக்கத்துக்கும் சைபர்தான்.

மார்ச் 7

அக்கா சொன்னது: “பதினெட்டும் சைபரா? படிக்கிறப்ப வாங்காததை எல்லாம் இப்ப அள்ளி விடுறியாடி?”

வரவில்லையே. வராததை எப்படி எழுத?

“ராத்திரி பூரா உன் பக்கத்துலதானே இழுத்துக்கிட்டுக் கெடந்தா. அதுவும் கேக்கலையா?”

கேட்டது. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மார்ச் 10

சைபர்.

மார்ச் 15

தோழி ஊரில் நான்கு நாள் இருந்துவிட்டு இன்று திரும்பினேன். பஸ்ஸிலிருந்து கால் வைத்ததும் — என்ன இது? மண்ணெண்ணெய் டின்னைத் தலையில் கவிழ்த்த மாதிரி. தொண்டைக்குள் இறங்குகிறது. ஓங்கரித்தேன். தபால்காரர் சீட்டியடித்தபடி கடந்து போனார்.

மாலைக்குள் அந்த நாற்றம் போய்விட்டது. புகை எங்கே போகும்? போனது மூக்கு.

பிறந்ததிலிருந்து இதே தெரு. எங்கள் மூவரையும் எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்? பக்கத்தில் வீடு. வரப்போக வசதி.

மார்ச் 16

அதிகாரியிடம் போனேன்.

“இப்ப நாத்தம் வருதா?”

“இல்ல சார். நேத்து வந்துச்சு.”

“நேத்து நீங்க லீவும்மா. லீவுல மோந்தது கணக்குல வராது.”

நாளை கடைசிச் சுற்று. அப்புறம் கையெழுத்து.

மார்ச் 17

நான்கு என்று எழுதினால் பொய். சைபர் என்று எழுதினால் நிஜம், அதுவோ அதைவிடப் பெரிய பொய்.

விதிப் புத்தகத்தை முதல் தடவையாக முழுவதும் படித்தேன். முப்பத்தொன்றாம் பக்கம்: குழுவில் ஒரு மூக்கு தகுதியற்றதென்று தெரியவந்தால் எல்லாச் சுற்றும் ரத்து, வேறு ஊரிலிருந்து புதுக் குழு. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதுவரை யாரும் பிரித்ததில்லை.

எழுதிக் கொடுத்தேன். என் மூக்கு தகுதியற்றது.

அதிகாரி இரண்டு முறை படித்தார். “வேலை போயிடும்மா.”

“தெரியும் சார்.”

அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். பெயின்ட் கடைக்காரர் வாசல்வரை வந்தார். “மத்தவங்க மூக்கை அறுக்கிறவங்களைப் பாத்திருக்கேன். தன் மூக்கைத் தானே அறுத்துக்கிட்டது நீதாம்மா.” கோபமா பாராட்டா, முகத்தில் தெரியவில்லை.

மார்ச் 29

வெளியூர்க் குழு வந்தது. சுவரோரம் நின்று பார்த்தேன். வேனின் கதவு திறந்தது. உடனே மூடிக்கொண்டது.

வெகுநேரம் கழித்து ஒருவர் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு இறங்கினார். “இங்க ஆளுங்க குடியிருக்காங்களா?” என்று கேட்டார், என்னிடமே.

ஏப்ரல் 20

பாலர் வகுப்பு எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. வீடுகள் பற்றி விதிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை, தேடிப் பார்த்தேன். புகை பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் வரும் என்று வைத்துக்கொண்டார்கள் போலும்.

மாலை பள்ளி பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். இறங்கியவள் முகத்தைச் சுளித்தாள்.

“சித்தி, நம்ம தெரு நாறுது.”

நன்றாக இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

புத்தகப்பையை வாங்கிக்கொண்டேன். எதிர்ப்பக்கம் நின்ற டவுன் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். புதுப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் இறங்கி, வாடகைக்கு வீடு உண்டா என்று கேட்டு மூன்று கதவுகளைத் தட்டினேன்.