பாறை என்று எழுதிய கல்

இன்று காலை மண்ணைக் கடித்துப் பார்த்தேன். கம்பமெட்டுப் பாதையில் ஒருவர் வீடு கட்டச் சரிவில் இடம் வாங்கி, துளை போட்டு மண்ணைப் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஏழாவது அடியில் வந்த செம்மண் களியா வண்டலா என்று விரலுக்குப் பிடிபடவில்லை. யாரும் பார்க்காதபோது ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்தேன். நறநறவென்றது. வண்டல்தான். உடனே உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

வீட்டில் சோற்றில் ஒரு கல் கிடந்தால் தட்டை நகர்த்தி வைத்துவிடுவீர்கள். வேலையிடத்தில் மட்டும் மண்ணை மென்று துப்பிவிட்டு, "இது களி, எழுதிக்க" என்பீர்கள். "அப்ப மதியச் சாப்பாடு வேணாமா?" என்று ஒருநாள் கேட்டேன். "உஞ்சோத்துக்கு இது தேவல" என்றீர்கள். அன்று தூக்குச்சட்டியை ஒளித்து வைத்து உங்களைக் கொஞ்ச நேரம் பட்டினி போட்டேன். கல்யாணமான மறு வருடத்திலிருந்தே துளை போடும் எந்திரம் உங்கள் கையில், நோட்டு என் கையில். நீங்கள் சொல்வீர்கள், நான் எழுதுவேன். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. எந்திரத்துக்கு ஆள் வைத்திருக்கிறேன். நல்ல மனிதர், ஆனால் பேசவே மாட்டார். இப்போது நானே சொல்லி நானே எழுதுகிறேன்.

பதினோராம் அடியில் எந்திரத்தின் துளைமுனை, அந்தப் பிட், இறங்காமல் நின்றது. இடத்துக்காரருக்கு ஒரே சந்தோஷம். "பாறை தட்டிருச்சுல்லம்மா, எழுதிக் குடுங்க. வேலைய ஆரம்பிச்சுருவோம்" என்றார். "இன்னும் பத்தடி போகட்டும்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

எனக்குப் போடி வீடு கண்ணுக்குள் நின்றது. ஏலக்காய் வியாபாரம் செய்யும் பாய் கட்டிய வீடு. அன்றும் இப்படித்தான் பிட் நின்றது. "இந்தா, மேலருந்து உருண்டு வந்து பொதைஞ்ச கல்லும் இப்புடித்தான் நிக்கும். இன்னும் பத்தடி பாத்துருவோம்" என்றீர்கள். மறுநாள் ஆண்டிபட்டியில் என் தம்பிக்கு நிச்சயம். தையல்காரர் கடையைச் சாத்துவதற்குள் ஜாக்கெட்டை வாங்கிவிட வேண்டும் எனக்கு. "கல்லுக்கும் பாறைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாக்கும்? கெளம்புங்க" என்று கத்தினேன். நீங்கள் எந்திரத்தை நிறுத்தினீர்கள். நான் 'கெட்டிப் பாறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் மழைக்கு அந்த வீட்டின் பின்மூலை இறங்கிவிட்டது. நீங்கள் மட்டும் போய்வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஏந்தப்புன்னு சொல்லிட்டேன். நீ அங்கன வர வேணாம்" என்றீர்கள். நான் "சரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அப்புறம் நாம் அதைப் பேசவே இல்லை. அந்தச் "சரி"யை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

இன்று பதினாறாம் அடி தாண்டியதும் பிட் சர்ரென்று இறங்கியது. கீழே மறுபடியும் செம்மண். அவ்வளவு நேரம் துளைத்தது வெறும் உருண்டைக்கல்தான். "எப்புடிம்மா தெரிஞ்சுச்சு?" என்று இடத்துக்காரர் கேட்டார். துளையை மேலும் இறக்கி, ஒவ்வோர் அடி மண்ணையும் நான் வந்து பார்க்க எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, தேவாரம் வழியாகப் போடிக்குப் பஸ் ஏறினேன்.

பாய்க்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. "தப்பு அவுகளுது இல்ல பாய். நாந்தான் அவசரப்பட்டு எழுதுனேன்" என்றேன்.

"தெரியும்மா. ரிப்போர்ட்ல உங்க கையெழுத்துதான கெடக்கு? ஒரு மனுசர் வாசல்ல வந்து நின்னு தம்மேல போட்டுக்கிறாக. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க? பின்னால தண்ணி போற வாய்க்காலத் திருப்பி விட்டதும் அவுகதான். வருசா வருசம் மழை விட்டதும் வந்து பாத்துட்டுப் போவாகளே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. சிநேகிதரைப் பார்க்கப் போடிக்குப் போகிறேன் என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் வீடு தங்குவதில்லை என்று அதற்கும் சண்டை பிடித்திருக்கிறேன்.

பின் அறைக்குக் கூட்டிப்போனார். சுவர் விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருந்தன. சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். பழையவை மூன்றும் உடைந்திருந்தன. கடைசியாக ஒட்டியது முழுசாக இருந்தது. பக்கத்தில் பென்சிலால் வருடத்துக்கு ஒரு தேதி, உங்கள் கோணல் எழுத்தில். எழுதுகிற வேலை முழுக்க என்னுடையது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அழுதேன். பாய் வெளியே போய் நின்றுகொண்டார். இத்தனை வருடமும் தனியாக இங்கே வந்து நின்றிருக்கிறீர்கள். என்னைக் கூப்பிட்டிருக்கலாம். நான் வந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

உங்கள் கடைசித் தேதிக்குப் பிறகு ஒரு மழைக்காலம் விட்டுப்போயிருந்தது. பாயிடம் பென்சில் வாங்கி, அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, அதற்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டேன். 'கண்ணாடி உடையவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அடுத்த மழை விட்டதும் வருகிறேன் என்று பாயிடம் சொல்லியிருக்கிறேன்.